மலையில் நாய், பூனை தத்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகை, கூடலூர் என்று நீலகிரியில் எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் காப்பகத்துக்கு வருகிறவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அங்கே தன்னார்வலராக இருக்கும் நான் நேரில் சொல்லும் பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்கும் இதில் பாதி பயன்படும். மீதிப் பாதி குளிர், மழை, காட்டு விலங்கு என்று மலையோடு சேர்ந்தது, அதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே யாரும் ஒரு உயிரை வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

வாசலில் கட்டிப் போட, காவலுக்கு ஒரு நாய் வேண்டும். தருவீர்களா?

தர மாட்டோம். கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள். நீலகிரியில் ராத்திரி வாசலில் சங்கிலியில் கிடக்கும் நாயால் சிறுத்தை வந்தால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் சிறுத்தையும் கருஞ்சிறுத்தையும் வீட்டு முற்றம் வரை வந்து போவது கண்காணிப்பு கேமராவில் பதிவாகிச் செய்தியில் வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வீடு, தேயிலை, சோலை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர் இது, தேயிலைச் செடிக்கு அடியில் பதுங்கி வருகிற விலங்கு கண்ணில் படவே படாது. ஒரு தடவை சுலபமாக நாய் கிடைத்துவிட்டால் சிறுத்தை அதே இடத்துக்குத் திரும்ப வரப் பார்க்கும், அப்புறம் அந்தத் தெருவில் இருக்கிற குழந்தைகளுக்கும் பயம், கடைசியில் கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள், அந்தச் சிறுத்தைக்கும் கேடு.

காவலுக்கு நாய் வெளியில்தான் கிடக்க வேண்டும் என்பதே இல்லை. கதவுக்கு உட்புறம் படுத்திருக்கும் நாய்க்கும் வெளியில் நடக்கிற காலடிச் சத்தம் நமக்கு முன்னால் கேட்கும், குரைக்கும், நாம் எழுந்துவிடுவோம். அதனால் நாங்கள் வைக்கும் ஒரே கண்டிப்பான நிபந்தனை இது: பொழுது சாய்வதற்கு முன் நாய் வீட்டுக்குள் வர வேண்டும், நன்றாக விடிந்த பிறகுதான் வெளியே போக வேண்டும். வீட்டுக்குள் ஒரு சாக்கு விரிக்கக்கூட இடம் தர மனசில்லை என்றால் தத்தெடுக்க வேண்டாம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடத்திக் கூட்டிப் போகாமல் விடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பகலில் அவிழ்த்து விடலாமா? தோட்டத்துப் பக்கம் தானே சுற்றிவிட்டு வரும்.

வேலி போட்ட முற்றம் என்றால் சரி. திறந்த தேயிலைத் தோட்டம் என்றால் வேண்டாம். காட்டெருமையைப் பார்த்து நாய் குரைக்கும், அது துரத்தினால் நாய் நேராக ஓடி வருவது உங்களிடம்தான், பின்னாலேயே காட்டெருமையும் வரும். கரடியும் அப்படித்தான். நடத்திக் கூட்டிப் போகும்போது கயிறு கையில் இருக்கட்டும், விடியற்காலை மூடுபனியில் போக வேண்டாம், நன்றாக வெளிச்சம் வரட்டும். இன்னொன்று, நாய்க்கு வைத்த சோறு மிச்சத்தை வாசலில் விடாதீர்கள். அந்த வாசனைக்குக் கரடியும் காட்டுப்பன்றியும் வரும்.

குட்டிதான் வேண்டும். பெரிய நாய் நம்மோடு ஒட்டுமா?

ஒட்டும். இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் குட்டிகளை எல்லாரும் வாரிக்கொண்டு போக, மூன்று நான்கு வயது நாய்கள் கூண்டுக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்கின்றன. பெரிய நாயின் குணம் ஏற்கெனவே தெரியும்: குழந்தைகளோடு இருக்குமா, பூனையைத் துரத்துமா, தனியாக விட்டால் ஊளையிடுமா என்று எங்களால் சொல்ல முடியும். குட்டியிடம் அது எதுவும் தெரியாது. குட்டி என்றால் ராத்திரி அழுகை, வீடெல்லாம் மூத்திரம், செருப்புக் கடி, தடுப்பூசி முடியும்வரை வெளியே விட முடியாத கஷ்டம் எல்லாம் உண்டு. காலையில் எஸ்டேட் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எல்லாரும் கிளம்பிப் போய்விடுகிற வீட்டுக்கு வளர்ந்த நாய்தான் பொருத்தம். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் நான் ஐந்து வயசுக்கு மேற்பட்ட, அமைதியான ஒன்றைத்தான் காட்டுவேன்.

லாப்ரடார், ஹஸ்கி மாதிரி ஏதாவது இருக்கிறதா?

சில நேரம் இருக்கும். இனவிருத்திக்கு வைத்திருந்து வயதானதும் கைவிடப்பட்டவை, சுற்றுலா வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனவை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. மலையிலேயே பிறந்து வளர்ந்த நாட்டு நாய்க்கு இந்தக் குளிரும் மேடு பள்ளமும் பழக்கம். இங்கே தெருநாய்களில் பல தலைமுறையாக வெளிநாட்டு இனங்களும் கலந்திருப்பதால் நல்ல அடர்ந்த முடியோடு இருப்பவையும் நிறைய. பெண் நாய், கறுப்பு நாய் என்றால் யாரும் கேட்பதில்லை. கேளுங்கள்.

வாடகை வீடு, லைன் வீடு என்றால் தருவீர்களா?

தருவோம். வீட்டுக்காரரிடம் முன்னாலேயே பேசி, முடிந்தால் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். எஸ்டேட் லைனில் சுவருக்குச் சுவர் ஒட்டி வீடுகள் இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சம்மதமும் முக்கியம், அவர்கள் கோழி வளர்த்தால் இன்னும் முக்கியம். வீட்டைப் பார்க்க எங்கள் ஆள் ஒருவர் வருவார். சொந்த வீடா, பெரிய வீடா என்று பார்க்க வருவதில்லை, ராத்திரி அது எங்கே படுக்கும் என்று பார்க்கத்தான் வருவார்.

முதல் சில நாள் எப்படி இருக்கும்?

பல நாய்கள் முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது, மூலையில் ஒடுங்கி உட்காரும், சில கட்டிலுக்கு அடியில் போய்விடும். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள், சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்துக் காட்டாதீர்கள். தண்ணீர், சாப்பாடு, ஒரு மூலை, அவ்வளவு போதும். வீட்டு நேரங்கள் பிடிபட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும், இது என் வீடு என்று உடம்பைத் தளர்த்திப் படுக்க மூன்று மாதம்கூட ஆகலாம். முதல் வாரத்தில்தான் அதிகமாகத் தப்பி ஓடுகின்றன, அதனால் கதவு திறக்கும்போதெல்லாம் கழுத்துப் பட்டையில் கை இருக்கட்டும். பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதித் தொங்கவிடுங்கள்.

பூனை இன்னும் மெதுவாகத்தான் பழகும். வீடு முழுக்கத் திறந்துவிடாமல் ஒரே அறையில் சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர், மலம், மூத்திரம் போக மண் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வைத்துவிடுங்கள். அது தானாக வெளியே வந்து உங்கள் காலில் உரசும் நாள்வரை காத்திருப்பது ஒன்றுதான் வழி.

என்ன சாப்பாடு போடுவது? கடைத் தீனி வாங்க வசதி இல்லை.

நாய்க்கு வீட்டுச் சாப்பாடே போதும், ஆனால் வெறும் சோறும் ரசமும் போதாது. சோறு அல்லது ராகிக் களி, அதோடு வேகவைத்த கோழி, ஈரல், முட்டை, கருவாடு என்றால் உப்பு போக ஊறவைத்துக் கழுவியது, கொஞ்சம் கேரட், பீன்ஸ், பூசணி. கேரட் நம் ஊரிலேயே விளைகிறது, மலிவாகக் கிடைக்கும்போது வேகவைத்துப் பிசைந்து போடுங்கள். மசாலாவும் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதற்கு முன்னால் அதன் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். வெங்காயம் நாய், பூனை இரண்டுக்கும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கும், போடக் கூடாது.

ஊட்டிக்கு வந்தால் எல்லாரும் வாங்கும் பொருள் ஒன்று இருக்கிறது, வீட்டுத் தயாரிப்பு சாக்லேட். அது நாய்க்கு விஷம். அதிலுள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது, இதயத் துடிப்பு எகிறும், வலிப்பு வரும். கறுப்பு சாக்லேட்டில் அது இன்னும் அதிகம். உலர்திராட்சை போட்ட சாக்லேட் என்றால் இரட்டை ஆபத்து, திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். விருந்தாளி கொண்டுவந்த டப்பாவை மேசையில் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

பூனையைத் தயிர்சாதமும் பாலும் போட்டு வளர்க்கிற வீடுகள் நிறைய. பூனை இறைச்சி தின்றே வாழும் பிராணி. இறைச்சி, மீனில் இருக்கும் டாரின் என்ற சத்து கிடைக்காமல் போனால் நாளாக ஆகப் பார்வை மங்கும், இதயம் பலவீனமாகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்கவும் செரிக்காது, வயிற்றால் போகும். சைவ வீடு, இறைச்சி சமைக்க முடியாது என்றால் பூனைக்கென்று விற்கும் தீனியை வாங்கிப் போட முடியுமா என்று யோசித்துவிட்டு வாருங்கள்.

குளிருக்கு என்ன செய்ய வேண்டும்?

மார்கழி, தையில் தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெறும் சிமெண்டுத் தரையில் படுக்க விடாதீர்கள். பலகை அல்லது பழைய மெத்தை, மேலே சாக்கு, அதன்மேல் கம்பளி. குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும் முடி குறைந்த நாய்க்கும் பழைய ஸ்வெட்டர் போடலாம், நனைந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். அடிக்கடி குளிப்பாட்டத் தேவையே இல்லை, குளிப்பாட்டினால் வெயில் உள்ள நாளில், நடுப்பகலில், நன்றாகத் துவட்டிவிடுங்கள்.

கரியடுப்பையோ நெருப்புச் சட்டியையோ மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உங்களையும் கொல்லும், உங்கள் காலடியில் படுத்திருப்பதையும் கொல்லும். குளிர் நாளில் பூனைகள் கார் என்ஜினுக்குள் சூட்டுக்காக ஏறிப் படுக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள், உங்களிடம் பூனை இல்லாவிட்டாலும்.

சளி பிடித்தால் தைலம் தடவலாமா? உண்ணிக்கும் தைலம் நல்லது என்கிறார்களே?

கூடாது, கூடவே கூடாது. யூகலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீன் தைலமும் நீலகிரியில் வீட்டுக்கு வீடு இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். நமக்குச் சளி போக்கும் அதே தைலத்தைப் பூனையும் நாயும் உடம்பை நக்கி விழுங்கிவிடும். பூனையின் ஈரலுக்கு இந்த மாதிரிப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. எச்சில் ஒழுகும், தள்ளாடும், உயிரே போகலாம். காய்ச்சல் என்று பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள், ஒரு பூனையைக் கொல்ல அரை மாத்திரையே போதும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கு ஊற்றுவதும் அப்படித்தான், அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்துவிடும். பூனைக்கென்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

தடுப்பூசி எல்லாம் போட்டுத்தான் தருவீர்களா?

எங்களிடம் இருக்கும்வரை வேண்டியதைப் போட்டு, தேதி எழுதிய அட்டையோடு தருவோம். அதற்கு அப்புறம் தொடர வேண்டியது நீங்கள்தான். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசியை ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று நான்கு மாத வயதுவரை போட வேண்டும். பார்வோ வந்த குட்டி ரத்தமாகக் கழியும், இரண்டு மூன்று நாளிலேயே போய்விடலாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகவே முன்பு குட்டி இறந்துபோன வீட்டுக்கு ஊசி முடியாத குட்டியை நாங்கள் தருவதில்லை, வளர்ந்த நாயைத்தான் தருவோம். முதுமலைக் காட்டோரம் மசினகுடி, தெப்பக்காடு பக்கம் இருப்பவர்கள் டிஸ்டெம்பர் ஊசியை ஒரு வருஷம்கூடத் தவற விடாதீர்கள், அந்த நோய் நாயிடமிருந்து செந்நாய்க்கும் புலிக்கும்கூடப் போகும்.

வெறிநோய் ஊசி மூன்று மாத வயதில் போட வேண்டும், அப்புறம் மருத்துவர் சொல்லும் நாளில் ஒரு பூஸ்டர், பிறகு வருஷத்துக்கு ஒன்று. பூனைக்கும் கட்டாயம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள், அதையொட்டி நடக்கும் முகாம்களில் இலவசமாகவே போடுவார்கள். இந்த ஊர்க்காரர்கள் இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குன்னூரில் சிம்ஸ் பூங்கா பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதற்கென்றே ஆரம்பிக்கப்பட்டது. அதற்குச் சில வருஷம் முன்பு இங்கே நாய் கடித்த ஓர் இளம்பெண் பக்கத்தில் சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோனதுதான் அப்படி ஒன்று தென்னிந்தியாவில் வேண்டும் என்ற எண்ணத்தைக் கிளப்பியது.

தத்தெடுத்த நாயே கடித்துவிட்டால்?

ஊசி போட்ட நாயாக இருந்தாலும், சின்னக் கீறலாக இருந்தாலும் முதல் வேலை குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. பிறகு நேராக அரசு மருத்துவமனை, அங்கே ஊசி இலவசம். வழக்கமாக 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள், காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள். நடுவில் ஒரு ஊசியையும் விடாதீர்கள். வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். கடித்த நாயை அடிக்கவோ விரட்டவோ வேண்டாம், பத்து நாள் வீட்டிலேயே வைத்துக் கவனிக்க வேண்டும். எங்களுக்கும் சொல்லுங்கள், ஏன் கடித்தது என்று சேர்ந்து பார்க்கலாம். சாப்பிடும்போது தொந்தரவு, காது வலி, தூக்கத்தில் மிதித்தது என்று பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்.

ஒரு தடவை குட்டி போட்ட பிறகு கருத்தடை செய்தால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

உண்மை இல்லை. பெண் நாய்க்கு முதல் பருவம் வருவதற்கு முன்பே செய்துவிட்டால் பிற்காலத்தில் மடிக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும், கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது அறவே இருக்காது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் செய்யலாம், பூனைக்கு நான்கு ஐந்து மாதத்திலேயே. பூனை ஒன்பது வாரத்தில் குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் பால் மறப்பதற்குள் மறுபடி சினையாகிவிடும், அப்படிப் பிறந்தவைதான் அட்டைப்பெட்டியில் எங்கள் வாசலுக்கு வருகின்றன. காதின் நுனியில் சின்ன வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு ஏற்கெனவே கருத்தடை ஆகிவிட்டது என்று அடையாளம். இந்த அறுவை சிகிச்சையைப் பழகுவதற்கென்றே மற்ற மாநிலங்களிலிருந்து கால்நடை மருத்துவர்கள் நீலகிரியில் உள்ள டபிள்யூ.வி.எஸ். (Worldwide Veterinary Service) என்ற கால்நடை மருத்துவத் தொண்டு அமைப்பின் பயிற்சி மையத்துக்கு வருகிறார்கள், அதனால் நம் மலையில் நல்ல கை இல்லை என்று பயப்பட வேண்டாம்.

பூனையை வெளியே விடாமல் வளர்க்க முடியுமா?

முடியும். எலி பிடிக்கத்தான் பூனை என்றாலும் வீட்டுக்குள்ளேயே பிடிக்கட்டும். வெளியே சிறுத்தை, தெருநாய், எலி மருந்து தின்று செத்த எலி என்று எல்லாம் அதற்கு ஆபத்து, பூனையால் மற்ற உயிர்களுக்கும் ஆபத்து. நீலகிரிச் சிரிப்பான் மாதிரி இந்த மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத குருவிகள் நம் தோட்டத்துப் புதரில்தான் கூடு வைக்கின்றன. ஜன்னலோரம் ஒரு பலகை, ஏறுவதற்கு ஓர் உயரம், தினமும் கொஞ்ச நேரம் நூலோ பந்தோ வைத்து விளையாட்டு. மண் தட்டுக்கு ஆற்று மணல், மரத்தூள் எது கிடைத்தாலும் சரி, தினமும் அள்ள வேண்டும். இரண்டு பூனை என்றால் மூன்று தட்டு.

மழைக்காலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

அட்டை, உண்ணி, எலிக்காய்ச்சல் மூன்றையும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியில் நடந்துவிட்டு வந்தால் விரல் இடுக்கு, காது மடல், வாய் ஓரம் எல்லாம் பாருங்கள், அட்டை இருந்தால் உப்புத் தண்ணீர் தொட்டு வையுங்கள், விட்டுவிடும். ஓடையில் வாய் வைத்துக் குடிக்கும் நாய்க்குச் சில நேரம் அட்டை மூக்குக்குள்ளேயே ஏறிவிடும். விடாமல் தும்மல், ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் என்றால் அதுவாக இருக்கலாம், நீங்களே இடுக்கி விட்டு நோண்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் ரத்தம் வரும், அதோடு ஈறு வெளுத்து, சாப்பிடாமல் சுருண்டு படுக்கும். அதையும் தள்ளிப் போட முடியாது. எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரிலிருந்து வரும் எலிக்காய்ச்சல் நாயிடமிருந்து நமக்கும் தொற்றும், அதற்கான ஊசி கூட்டு ஊசியில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம். கொண்டை ஊசி வளைவில் நாய்க்கும் தலை சுற்றும், கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெயில் அடிக்கும், மலைக் குளிரில் வளர்ந்த நாய்க்கு அது சட்டென்று தாங்காது. பூட்டிய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவே கூடாது. பூனையை வீட்டிலேயே விட்டுத் தெரிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது நல்லது.

ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாமா?

தரலாம், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும். ஒரு வார்த்தைகூடத் திட்ட மாட்டோம். வேறு யாரிடமாவது கொடுப்பதாக இருந்தாலும் எங்களிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். தேயிலைத் தோட்டத்திலோ பைக்காரா ரோட்டிலோ இறக்கிவிட்டுப் போவது மட்டும் கூடாது, அதுவும் சட்டப்படி குற்றம்தான். வீட்டில் வளர்ந்த நாய்க்குக் காட்டோரத்தில் ஒரு ராத்திரியைத் தாண்டத் தெரியாது.

சரி, வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

ஆதார் அல்லது வேறு அடையாள அட்டையின் நகல், கழுத்துப் பட்டை, கயிறு, ஒரு பழைய போர்வை. பூனைக்கு என்றால் மூடி போட்ட கூடையோ கூண்டோ வேண்டும், துணிப்பையில் போட்டால் பஸ்ஸிலேயே கிழித்துக்கொண்டு ஓடிவிடும். வீட்டில் இருக்கும் எல்லாரும் வாருங்கள், முக்கியமாக நாய் வேண்டாம் என்று சொல்கிறவர். மத்தியானத்துக்கு முன்னால் வந்தால் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம்.